நெல்லின் பூக்கும் நாளை ஆளும் மரபணுவைத் தேடுவது: கியூடிஎல்-சீக் செய்முறை

முன்பிருந்த முறையில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாக மார்க்கர் (இரு ரகங்களின் டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) ஓட்ட வேண்டும். 2013-இல் ஜப்பானின் இவாத்தே ஆய்வாளர்கள் வெளியிட்ட கியூடிஎல்-சீக் முறையில் முந்திப் பூத்த செடிகளின் டிஎன்ஏ ஒன்று, பிந்திப் பூத்தவற்றின் டிஎன்ஏ ஒன்று என இரண்டே கலவைகளின் மரபணுத்தொகுதியைப் படித்தால் போதும். ஆனால் வயலில் தேதியைத் தப்பாகக் குறித்துவிட்டால் டிஎன்ஏவைப் படிக்கும் எந்தச் சீக்வென்சரும் அதைத் திருத்தாது.

சீக்கிரம் பூக்கும் ரகத்தையும் தாமதமாகப் பூக்கும் ரகத்தையும் ஒட்டுச் சேருங்கள். எஃப்1 (முதல் தலைமுறை) செடி உண்மையிலேயே ஒட்டா, தாய் தானே சூலுற்றதா என்பதை மார்க்கர் வைத்துப் பார்த்த பிறகே எஃப்2 (அடுத்த தலைமுறை) விதை எடுங்கள். 300 எஃப்2 செடிகளாவது வேண்டும். ஒரே நாளில் விதைத்து, குத்துக்கு ஒற்றை நாற்றாக நடுங்கள். வரப்போரச் செடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தழைச்சத்து கூடிய இடத்தில் கதிர் தாமதப்படும். அது மரபணுவின் வேலைபோலத் தோன்றி ஏமாற்றும்.

தாய்த்தூரின் கண்ணாடி இலை (கதிருக்கு முந்தைய கடைசி இலை) உறையிலிருந்து கதிர்நுனி எட்டிப்பார்க்கும் நாள்தான் கணக்கு. தொண்டைக்கதிர் (கதிர் உறைக்குள் பருக்கும் நிலை) தொடங்கியதிலிருந்து தினமும், ஒரே ஆள் குறிக்க வேண்டும்.

விதைக்கும் பருவத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 6-ஆம் குரோமோசோமில் உள்ள எச்டி1 என்ற மரபணு குறும்பகலில் பூப்பதைத் தூண்டும், நெடும்பகலில் தடுக்கும். காசலாத் ரகத்தில் இதில் டிஎன்ஏவின் 2 எழுத்துகள் விடுபட்டு மரபணு செயலிழந்திருக்கிறது. அதனால் நிப்பான்பாரே × காசலாத் சந்ததியில் இதே மரபணு ஒரு பருவத்தில் முந்தவும் மறுபருவத்தில் பிந்தவும் வைக்கும். முடிந்தால் இரண்டு பருவத்திலும் செய்யுங்கள்.

முந்திப் பூத்த 25, பிந்திப் பூத்த 25 செடிகளின் இளம் இலையிலிருந்து சிடிஏபி என்ற வேதிப்பொருள் முறையில் டிஎன்ஏ எடுத்து, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி சேருங்கள். அளவை கியூபிட் கருவியில் பாருங்கள். நானோடிராப் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும். முந்தியவற்றைத் தனியாகவும் பிந்தியவற்றைத் தனியாகவும், செடிக்கு 200 நானோகிராம் வீதம் சமமாகக் கலக்க வேண்டும். ஒரு செடி இரட்டிப்பாக விழுந்தால் விகிதமே சாயும்.

நெல்லின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 39 கோடி எழுத்து. 30 மடங்கு ஆழத்துக்கு (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை படிக்க) கலவை ஒன்றுக்குச் சுமார் 1,170 கோடி எழுத்துத் தரவு கேளுங்கள். பெற்றோர் இருவரையும் தனியே படியுங்கள்.

படித்த துண்டுகளைப் பிடபிள்யூஏ-மெம் மென்பொருள் கொண்டு நெல்லின் மாதிரித் தொகுதியோடு பொருத்தி, பிசிஎஃப்டூல்ஸ் மென்பொருளில் எஸ்என்பி (ரகங்களிடையே ஓரெழுத்து மாறும் இடம்) எடுங்கள். ஆழம் 10-க்குக் கீழ் உள்ளவற்றையும், சராசரியைப் போல 3 மடங்கைத் தாண்டியவற்றையும் நீக்குங்கள். பின்னவை பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். ஒவ்வொரு எஸ்என்பியிலும் முந்திய பெற்றோரின் எழுத்து எத்தனை பங்கு என்பதே குறியீடு. முந்திய கலவையின் குறியீட்டிலிருந்து பிந்தியதைக் கழித்து, 20 லட்சம் எழுத்துச் சாளரத்தில், 1 லட்சம் எழுத்தாக நகர்த்தி வரையுங்கள்.

சம்பந்தமில்லாத இடத்தில் வித்தியாசம் 0-ஐ ஒட்டி இருக்கும். உச்சி 1-ஐத் தொடவில்லையே என்று கலங்க வேண்டாம். முழு ஓங்கு மரபணு ஒன்றே ஆண்டாலும் எஃப்2-இல் 0.67 வரைதான் ஏறும், ஓங்கு பக்கக் கலவையில் கலப்பினச் செடிகளும் இருப்பதால். இரண்டு கலவையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது பூக்கும் மரபணு அல்ல. மலட்டுத்தன்மையால் வந்த விகிதப் பிறழ்வாக இருக்கலாம். கழித்தலில் அது மறைந்துவிடும், ஆகவே தனிக் குறியீட்டு வரைபடங்களையும் பாருங்கள்.

உச்சியின் கீழ் 30 லட்சம் எழுத்து இருந்தால் சுமார் 300 மரபணுக்கள் இருக்கும். எச்டி3ஏ, 7-ஆம் குரோமோசோமின் ஜிஎச்டி7, 10-ஆம் குரோமோசோமின் இஎச்டி1 போன்ற ஏற்கெனவே தெரிந்த பூக்கும் மரபணு ஏதேனும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தாலும் அதுவே என்று முடிவுகட்டக் கூடாது. அந்த இடத்தில் கலப்பாக (இரு பெற்றோரின் எழுத்தும் கொண்டு) உள்ள எஃப்2 செடிகளின் எஃப்3 குடும்பங்களில் காஸ்ப் என்ற எஸ்என்பி மார்க்கர் ஓட்டி எல்லையைக் குறுக்குங்கள். மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற வெளிப்பாட்டை அளக்க விடியும் வேளையில் இலையைப் பறித்து உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். இஎச்டி1, எச்டி3ஏ இரண்டும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், நண்பகலில் எடுத்த இலை வித்தியாசத்தைக் காட்டாமல் போகலாம். கடைசியில் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை மூலம் அந்த மரபணுவை முடக்கி, பூக்கும் நாள் மாறுகிறதா என்று வயலில் மறுபடி எண்ண வேண்டும்.