டிசம்பர் 25 ஏன்? ஞாயிறு பள்ளியில் விளக்கும் முறை

இருபது நிமிடமும் இரண்டு ஆண்டுகளின் சுவர் நாட்காட்டியும் போதும். லூக்கா, மத்தேயு நற்செய்திகளில் இயேசு பிறந்த தேதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் தேதி பற்றிய பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும்.

அடுத்து, மார்ச் 25-இல் ஒரு பொட்டு வையுங்கள். இயேசு சிலுவையில் மரித்த நாள் இதுவெனப் பழைய மேற்குத் திருச்சபையில் பலர் கணித்தார்கள்; கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்றும் நம்பினார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணச் சொல்லுங்கள்: டிசம்பர் 25. கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று கணித்தார்கள். அதிலிருந்து எண்ணினால் ஜனவரி 6. இரண்டு கணக்கிலும் கருவுற்ற நாளுக்கும் பிறந்த நாளுக்கும் இடைவெளி 275 நாள். பிள்ளைகளுக்கு 276 வந்தால், தொடக்க நாளையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

'சூரியக் கடவுளின் விழாவைத்தானே எடுத்துக்கொண்டார்கள்?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ரோமப் பேரரசர் ஆரேலியன் கி.பி. 274-இல் சூரிய வழிபாட்டை உயர்த்தியது உண்மை. ஆனால் டிசம்பர் 25-ஐச் சூரியனின் பிறந்தநாளாகக் காட்டும் பழைய ரோமானியச் சான்று 354-ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்பில்தான் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பும் அதே தொகுப்பில், அதே தேதியில்! யார் யாரிடம் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. சடர்னாலியா என்ற ரோமானிய விழாவை இதில் இழுக்காதீர்கள். அது டிசம்பர் 17-இல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

பலரும் சறுக்கும் இடம் ஜனவரி 6-உம் 7-உம். சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட்டில் 1835-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்தைக் காட்டுங்கள்: ஜனவரி 6-இல் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுவது ஆர்மீனியர்களின் மரபு. ரஷ்யர்களின் 7 வேறு கதை. 13 நாள் பின்தங்கிய ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25 அது.