உரோமக் காசு வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசு வாங்குங்கள்

காசு பிறகு. முதலில் தராசு. 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று, விட்டம் அளக்க ஒரு வேர்னியர், நகை வேலை செய்கிறவர்கள் கண்ணோடு சேர்த்துப் பிடிக்கிற பத்து மடங்குக் கண்ணாடி ஒன்று. இந்த மூன்றும் கையில் இல்லாமல் எந்த உரோமக் காசுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

எடையில் இருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41–54), அன்னியஸ் புளோக்காமஸ் என்ற வரிக் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் அரேபியாப் பக்கம் கப்பலில் போகும்போது காற்றில் அடிபட்டு எங்கள் இலங்கைத் தீவில் வந்து ஒதுங்கியதாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆளிடம் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்த இங்கத்தைய அரசன், அவற்றில் இருந்த தலைகள் வேறு வேறாக இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, உரோமர் நேர்மையானவர்கள் என்று வியந்தானாம். அவர் கரை சேர்ந்த துறை மன்னாருக்குத் தெற்கே உள்ள குதிரைமலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த அரசன் பார்த்த அதே விசயத்தைத்தான் நாங்களும் முதலில் பார்க்க வேண்டும்.

"கிணறு வெட்டும்போது வந்தது" என்றால் வாங்காதீர்கள்

வன்னியில் இருந்துகொண்டு பழைய காசில் ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான விசயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் புதுக்குடியிருப்பில் ஒருவர் பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார். கிணறு வெட்டேக்க மண்ணோடு வந்த காசு, அண்ணை, வேறு யாருக்கும் காட்டவில்லை என்றார். எடுத்துப் பார்த்தால் திபேரியஸ் பேரரசரின் தெனாரியஸ் என்ற உரோம வெள்ளிக் காசு! பின்பக்கத்தில் கதிரையில் ஒரு பெண் இருக்கிறார், சுற்றிவர "பொண்டிஃப் மாக்ஸிம்" என்ற எழுத்து. தென்னிந்தியாவில் நிறையக் கிடைத்த வகை என்பதால் இங்கேயும் வந்திருக்கலாம் என்று நம்பி 15,000 ரூபா கொடுத்தேன். அடுத்த நாள் தெரிந்த நகைக்கடையில் நிறுத்தேன். 2.58 கிராம். அந்தக் காசு 3.6, 3.7 கிராமுக்குக் கிட்ட நிற்க வேண்டும். விட்டம் சரியாக இருந்தது, தடிப்பும் சரியாக இருந்தது, எடை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைவு. வெள்ளியின் அடர்த்தி 10.5, ஈயப்பற்றில் போடும் வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. கணக்கைப் போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பிறகு கண்ணாடியால் விளிம்பைப் பார்த்தபோது, காசைச் சுற்றி மயிர் அளவில் ஒரு கோடு, அதை அராவி மறைத்த அடையாளம். அச்சு இரண்டையும் சேர்த்து வார்த்தபோது வந்த பொருத்து அது.

போலியாக இருந்ததால் பணத்தோடு போனது. உண்மையாக இருந்திருந்தால் இன்னும் மோசம், நான் சட்டத்தை மீறியவன் ஆகியிருப்பேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. காணி உங்களுடையது என்பதால் மட்டும் அதில் கிடைத்தது உங்களுடையது ஆகாது. 1815 மார்ச் 2க்கு முந்தியது எல்லாம் அதற்குள் அடங்கும். ஸ்கானர் வைத்துப் புதையல் தோண்டுகிறவர்களிடம் வாங்குவதும் அவர்களைத் தோண்டச் சொல்வதும் ஒன்றுதான், எங்கள் மண்ணில் மிதிவெடி இன்னும் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாத நிலையில் இதை நான் லேசாகச் சொல்லவில்லை.

அதைவிட எனக்கு வலிக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தைத் துறைமுகத்தை 1980களின் தொடக்கத்தில் அகழ்ந்தார்கள், 1984இல் போர் அதை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்னச் செப்புக் காசு எந்த மண்படையில், எந்த ஓட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் வரலாறு. பிடுங்கி டின்னில் போட்டால் அது வெறும் உலோகம். உங்கள் காணியில் ஏதும் வந்தால் கிராம அலுவலருக்கோ பிரதேச செயலகத்துக்கோ சொல்லுங்கள், அங்கிருந்து தொல்பொருள் திணைக்களத்துக்குப் போகும்.

முதல் காசு எது?

தங்கம் வேண்டாம், வெள்ளி வேண்டாம், சீசர் வேண்டாம், கிளியோபாத்ரா காலத்து அந்தோனி வேண்டாம். பெயர் பெரிதானால் போலியும் பெருகும். கி.பி. நாலாம் நூற்றாண்டு வெண்கலக் காசில் தொடங்குங்கள். கொன்ஸ்தாந்தீன் பேரரசர் குடும்பத்தின் காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, 20, 30 டொலருக்கு எழுத்துத் தெளிவாக வாசிக்கக்கூடிய ஒன்று கிடைக்கும், இவ்வளவு மலிவான ஒன்றுக்கு நல்ல போலி செய்ய யாரும் பெரிதாக மினக்கெடுவதில்லை. இந்தத் தீவில் கிடைத்த உரோமக் காசுகளில் பெரும்பாலானவையும் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளே, ஆகவே எங்கள் கடலோடு சேர்ந்த காசும் அதுதான்.

நான் சொல்வது "குளோரியா எக்ஸெர்கிட்டுஸ்" (படையின் பெருமை) என்ற எழுத்துள்ள வகை. பின்பக்கத்தில் இரண்டு போர்வீரர் நிற்பார்கள், நடுவில் படைக்கொடி. 330இல் தொடங்கியபோது நடுவில் இரண்டு கொடிகள், காசு ஏறக்குறைய 2.5 கிராம், 335க்குக் கிட்டவே கொடி ஒன்றாகக் குறைந்தது, எடையும் 1.5 கிராம் அளவுக்கு இறங்கியது. இரண்டு கொடி போட்டு 1.3 கிராம் நிற்கிற காசை யாராவது காட்டினால் ஏன் என்று கேளுங்கள். காலடிக் கோட்டுக்குக் கீழே காசு அடித்த நகரத்தின் குறி இருக்கும், "டி.ஆர்." என்றால் திரியர், "எஸ்.எம்.ஏ.என்." என்றால் அந்தியோக்கியா. உரோமர் யூ எழுத்தைப் பொதுவாக வீ வடிவத்தில்தான் வெட்டினார்கள். வளைந்த யூ தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

யாரிடம் வாங்குவது?

உண்மைத்தன்மைக்குக் காலவரையறை இல்லாமல் எழுத்தில் பொறுப்பேற்கிற வியாபாரியிடம் மட்டும். "பதினான்கு நாளுக்குள் திருப்பலாம்" என்பது வேறு, "எப்போது போலி என்று தெரிந்தாலும் பணம் திரும்பும்" என்பது வேறு, இரண்டாவதுதான் வேண்டும். வாங்குவதற்கு முன் எடை, விட்டம், இரண்டு பக்கப் படம், விளிம்பின் படம், எந்தச் சேகரிப்பில் இருந்து வந்தது என்ற விபரம், இவ்வளவையும் கேளுங்கள். விளிம்புப் படம் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். கழுவாத காசு நூறு ஒரு பையில் என்று விற்பதையும் தவிருங்கள், நல்லதைப் பொறுக்கி எடுத்த மிச்சம்தான் அதில் வரும், அதோடு எங்கே தோண்டினார்கள் என்ற பதிலே இருக்காது.

அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் "ஓக்ரே" என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் உரோமப் பேரரசுக் காசுகள் வகைவாரியாக இருக்கின்றன. வியாபாரி சொல்கிற வகை எண்ணை அங்கே போட்டு, எழுத்தும் உருவமும் ஒத்துவருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கைக்கு வந்த பிறகு

நிறுங்கள், அளவெடுங்கள், காந்தத்தை வையுங்கள். பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் உண்மை என்று எடுக்க வேண்டாம், என்னுடைய வெள்ளீயக் காசும் ஒட்டவில்லைதான்.

பிறகு வெயில் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து, கண்ணாடியால் வடிவாகப் பாருங்கள். உரோமக் காசு சூடேற்றிய வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடியில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடும், அந்த ஓட்டம் எழுத்துகளின் அடியில் விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகளாகத் தெரியும், விளிம்பு சில இடத்தில் வெடித்திருக்கும், உருவம் நடுவில் இல்லாமல் விலகியிருக்கும். வார்த்த போலியில் அந்த ஓட்டம் இருக்காது, எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரம் கரைந்தது போல மழுங்கி இருக்கும், எழுத்துக்கும் தளத்துக்கும் இடையிலான மூலையில் குண்டூசி முனை அளவு உருண்டைப் பள்ளங்கள் இருக்கும். அவை காற்றுக் குமிழ். மண்ணில் அரித்த பள்ளமும் உண்டு, ஆனால் அது ஒழுங்கில்லாத உருவத்தில், பெரும்பாலும் அழுக்கு அடைந்து இருக்கும்.

கையால் அடித்ததால் இரண்டு காசு ஒருபோதும் முழுக்க ஒன்றாக இராது. ஒரே அச்சில் அடித்தாலும் வெடிப்பும் விலகலும் மாறும். ஆகவே வாங்கின காசின் படத்தை இணையத்தில் உள்ள போலிகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். அதே வெடிப்பு, அதே இடத்தில் அதே கீறல் இருக்கிற இன்னொன்று கண்ணில் பட்டால் இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள், வார்ப்பு அச்சின் பிள்ளைகள். நவீன அச்சில் அழுத்திச் செய்கிற போலிகள் வார்ப்பை விடக் கஷ்டமானவை, எடையும் ஓட்டமும் சரியாக இருக்கும், அவற்றுக்கு இந்த ஒப்பீடும் வியாபாரியின் எழுத்துப் பொறுப்பும்தான் காவல்.

வெள்ளிக் காசில் ஒரு இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தால் உடனே எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே செம்புக்கு மேல் வெள்ளி போர்த்திக் கள்ளக் காசு செய்தார்கள், அதுவும் இரண்டாயிரம் வருடப் பழசுதான், சேகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளி விலை கொடுக்கக் கூடாது.

குத்துவிளக்கு மினுக்குவது போலப் பழப்புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. அந்தப் பச்சை, பழுப்புப் படலம் காசின் தோல். அது போனால் எழுத்தும் போகும், விலையும் போகும். நகத்தால் சுரண்டினால் உதிர்கிற வெளிர் பச்சைத் தூள் மட்டும் வேறு, அது உப்பால் வருகிற நோய், முல்லைத்தீவு மாதிரிக் கடற்காற்று வீசுகிற இடத்தில் வேகமாகப் பரவும். அந்தக் காசை மற்றக் காசுகளில் இருந்து பிரித்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான போத்தலில் வையுங்கள். மணக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் எந்தக் காசையும் வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்த பற்றுச்சீட்டு, பார்சலின் சுங்கக் கடதாசி, வியாபாரியின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் காசோடு ஒரு கடித உறையில் போட்டு, வெளியே வாங்கிய திகதியையும் நீங்கள் நிறுத்த எடையையும் எழுதுங்கள். இதே வகைக் காசு எங்கள் மண்ணிலும் கிடைப்பதால், உங்களுடையது இங்கே தோண்டியது அல்ல என்று காட்ட அந்த உறையை விட்டால் வேறு ஒன்றும் உங்களிடம் இராது.