சின்ன டூ ஸ்ட்ரோக்கை மோட்டோகிராஸுக்குத் தயார் செய்வது

மோட்டோகிராஸுக்கு, அதாவது மண்தடப் பந்தயத்துக்கு, 85 சிசி டூ ஸ்ட்ரோக் பைக் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் சைலன்சர் பைப் மேல்தான் போகும். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். முதல் வேலை சஸ்பென்ஷன்.

பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் (மட்கார்டில்) ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸோடு ஏறி நின்றதும் மறுபடி அளந்துபாருங்கள். வித்தியாசம் 90 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் சரி. கூடினால் ஷாக் ஸ்பிரிங்கை இறுக்குங்கள்.

அப்புறம் கார்புரேட்டர். பெட்ரோல், ஆயில் கலவையை முதலில் முடிவு செய்யுங்கள். நான் 32:1, அதாவது லிட்டருக்கு 31 மில்லி ஆயில். இதை மாற்றினால் ஜெட்டிங்கும், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளைகளான ஜெட்களின் அளவும், மாறிவிடும். முழு த்ராட்டிலில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகவே போட்டுத் தொடங்குங்கள். புது ஸ்பார்க் பிளக் மாட்டி, நீளமான நேர்பாதையில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணையுங்கள். பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. ஈரமான கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், ஜெட்டைக் குறைக்கலாம். வெள்ளையாக இருந்தால் அதோடு ஓட்டாதீர்கள், எஞ்சின் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

வளைவை விட்டு வரும்போது இழுவை போதாதா? பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் கூட்டுங்கள். மலிவான, உடனே தெரியும் மாற்றம். டயரில் 13 பிஎஸ்ஐ போதும்.

பைப்பை மாற்றியே தீருவேன் என்றால் மாற்றுங்கள், ஆனால் ஜெட்டிங்கை மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டும்.