கள்ளிப் படத்தில் வந்த பச்சைப் புள்ளி

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் டெடி பேர் ச்சோயா கள்ளிகள் மண்டிக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. முள்ளின் மேல் காகிதம்போல மெல்லிய உறை இருப்பதால், காலை வெயில் பின்னாலிருந்து அடித்தால் செடியே ஜொலிக்கும். கேமராவைத் தரையில் வைத்து, வானம் பார்க்கத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். வந்த படங்களிலெல்லாம் எங்காவது ஒரு மங்கலான பச்சைப் புள்ளி.

லென்ஸைத் துடைத்தேன். கடையில் கொடுத்து, படம் பதியும் சில்லான சென்சாரையும் சுத்தம் செய்தாயிற்று. லென்ஸின் முனையில் பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் மாட்டினேன், சூரியனே சட்டகத்துக்குள் இருக்கும்போது அது என்ன செய்யும்? ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை மாற்றியும் புள்ளி போகவில்லை.

படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சூரியன் இடது மேல் மூலையில் இருந்தால் புள்ளி வலது கீழே, நடுவிலிருந்து அதே தூரத்தில். சென்சார் தூசி என்றால் ஒரே இடத்தில் கறுப்பாக நிற்கும், இப்படி நகராது. சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி, லென்ஸைக் காக்க முன்னால் மாட்டிய தட்டையான கண்ணாடியான யூ.வி. ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. ஃபில்டரைக் கழற்றினேன், புள்ளி போயிற்று.

எதிர்வெயிலால் படத்தில் மீதி இருந்த வெளிறலுக்கு, சூரியனைக் கள்ளித் தண்டின் ஓரத்தில் பாதி மறைத்து, அபெர்ச்சரைச் சிறிதாக்கி எஃப் 16-இல் எடுத்தேன். சூரியன் நட்சத்திரமாக விரிந்தது. ஃபோகஸ் பார்க்கத் திரையையே பயன்படுத்துங்கள். லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் சூரியன் கண்ணுக்கு ஆபத்து. அப்புறம், ஒரு சீப்பும் வேண்டும்: உதிர்ந்த கள்ளித் துண்டு முழங்கையில் ஒட்டினால் கையால் பிடுங்க முடியாது.

மணல் பறக்கும் நாளில் மட்டும் ஃபில்டரைத் திரும்ப மாட்டுகிறேன்.