வேடியப்பன் கல்லும் பத்து ரூபாய் சோப்பும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கம் நடுகல்லை, அதாவது சண்டையில் செத்த வீரருக்கு நட்ட நினைவுக் கல்லை, தேடி அலைய வேண்டியதில்லை. ஏரிக்கரையிலோ வயல் ஓரத்திலோ வேடியப்பன் என்ற பெயரில் எண்ணெய் பூசி நின்றுகொண்டிருக்கும். பள்ளியில் பல்லவர் பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் பூசாரியிடம் கேட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். எழுத்து தெரியட்டும் என்று நான் ஒருமுறை தேய்க்கப் போக, “டீச்சர், உங்க வீட்டு சாமி படத்துல இப்படித் தேய்ப்பீங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத்தான் கொண்டுபோகிறேன். ஒரு பிள்ளை தள்ளி நின்று, வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக விழுந்தால் வில், அம்பு, கொண்டை எல்லாம் நிழல் கட்டி எழுந்து வரும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும்தான்.

அந்த நேரத்தில் நீங்கள் பாடம் நடத்தாதீர்கள். உடம்பில் எத்தனை அம்பு, காலடியில் கெண்டி (மூக்கு வைத்த சொம்பு) இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். மாடு இருந்தால் ஆநிரைச் சண்டை, அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டை. புலி இருந்தால் புலியோடு மோதிச் செத்தவர்.

வகுப்புக்குத் திரும்பியதும் எடுத்தனூர் கல்லின் படத்தைக் காட்டுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்ற அந்த நாய் திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் உண்டு என்றதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்துவிடும். சின்ன வகுப்பு என்றால் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் கல் இன்னும் நல்லது. அது கோழிக்கே எடுத்த கல்!

அப்புறம் சோப்பு, பிள்ளைகளே நடுகல் செதுக்க. ஆளுக்கு ஒரு பத்து ரூபாய்க் கட்டி, செதுக்க ஸ்பூன் காம்பு, கோடு இழுக்க ஈர்க்குச்சி. பிளேடு கொடுக்காதீர்கள். உருவத்தை முதலில் ஈர்க்குச்சியால் கீறிவிட்டு, சுற்றியுள்ள சோப்பைச் சுரண்டி எடுத்தால் உருவம் தானாக மேடாக நிற்கும். நடுகல்லும் அப்படிச் செதுக்கியதுதான். சோப்பு காய்ந்திருந்தால் பொடிந்து உடையும். புதுசாகப் பிரித்ததே நல்லது.

யாரைச் செதுக்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வாசகம் மட்டும் கல்வெட்டு வரிசையில் வர வேண்டும்: யார் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, யார், என்ன செய்தார், கடைசியில் ‘கல்’. ராஜா இல்லாததால் எங்கள் ஹெச்.எம்மை வைத்துக்கொண்டோம். அவர் 2021இல் வந்தார். 2024 அவருக்கு மூன்றாவது ஆண்டா, நான்காவதா? வந்த வருஷத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் சண்டை. நிறுத்தாமல் விடுங்கள், பாடத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். கல்வெட்டு படிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு.

ஒரு பையன், நரியை விரட்டி ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றிய தாத்தா வீட்டு நாயைச் செதுக்கினான். ‘மணி என்னும் நாய் நரியைத் துரத்தின கல்.’ வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாளே அவன் தங்கை அதைப் போட்டுக் குளித்துவிட்டாள். இன்னொரு சோப்பு கேட்டு வந்து நின்றான்.