டிவி டியூனருடன் வரும் மென்பொருள்: அசல் பெயரைக் கண்டுபிடித்துச் சரியாக நிறுவுவது எப்படி?

கணினியில் தொலைக்காட்சி பார்க்க டிவி டியூனர் வாங்கினால், பெட்டிக்குள் கார்டோ யுஎஸ்பி ஸ்டிக்கோ இருக்கும். கூடவே ஒரு சின்ன ஆன்டெனா, ரிமோட், அப்புறம் ஒரு சிடி. சிடியில் உள்ள மென்பொருளைத் திறந்தால் டியூனர் கம்பெனியின் பெயரும் லோகோவும் பெரிதாகத் தெரியும். அந்தக் கம்பெனியே எழுதிய மென்பொருள் என்றுதான் நினைப்போம். பல நேரங்களில் அது வேறொரு நிறுவனம் எழுதியது. வன்பொருள் கம்பெனி அதற்கு உரிமம் வாங்கி, பெயரையும் தோற்றத்தையும் மாற்றித் தன் பெயரில் தருகிறது.

இதற்குக் காரணம் உண்டு. எம்பெக்-2 வீடியோவையும் டால்பி ஒலியையும் பிரித்துக் காட்டும் டிகோடர்கள், நிகழ்ச்சி அட்டவணை, பதிவு நேரம் குறித்தல், ரிமோட்டில் இயங்கும் பெரிய எழுத்துத் திரை என்று இது தனி வேலை. டிகோடர்களுக்குத் தனியாக உரிமக் கட்டணமும் உண்டு. சிப்பை வாங்கி போர்டு செய்து விற்பவர்களுக்கு இதை வெளியில் வாங்குவதுதான் லாபம்.

சில உதாரணங்கள்: ஏசர் கணினிகளில் வந்த ஏசர் ஆர்கேடு, சைபர்லிங்கின் பவர்சினிமாதான். ஆர்க்சாஃப்டின் டோட்டல்மீடியா பல கம்பெனிகளின் டியூனர்களோடு வந்தது. டெக்னிசாட் கார்டுகளோடு டிவிபிவியூவரின் டிஇ பதிப்பு வந்தது. எல்லோரும் இப்படி இல்லை. ஹாப்பாஜ் தன் வின்டிவியைத் தானே எழுதுகிறது.

அசல் பெயர் தெரிந்தால் நமக்கு என்ன பயன்? சிக்கல் வரும்போது எந்தப் பெயரில் தீர்வு தேடுவது என்று தெரியும். பெட்டியில் உள்ள பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காத பிழைச் செய்திக்கு, அசல் பெயரில் தேடினால் பதில் கிடைத்துவிடும். அதனால்தான் நிறுவும் முன்பே அதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

படி 1: கையில் இருக்கும் டியூனர் எது என்று பாருங்கள்

சிடியைத் தொடுவதற்கு முன் பெட்டியைப் படியுங்கள். அனலாக் மட்டும் என்றால், ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிவிட்ட இடத்தில் ஆன்டெனா வழியாக எதுவும் வராது. அமெரிக்காவில் முழு ஆற்றல் அனலாக் நிலையங்கள் 2009 ஜூனிலும், பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்பு 2012 அக்டோபரிலும் நின்றுவிட்டன. பழைய அனலாக் கார்டில் வீடியோ உள்ளீடு இருந்தால், விசிஆர் நாடாக்களைக் கணினிக்கு மாற்ற அது இப்போதும் உதவும்.

டிஜிட்டல் என்றால் எந்த முறை என்று பாருங்கள். டிவிபி-டி, டிவிபி-டி2, டிவிபி-சி, ஏடிஎஸ்சி, ஐஎஸ்டிபி-டி எல்லாம் வெவ்வேறு ஒளிபரப்பு முறைகள். ஒன்றுக்காக மட்டும் செய்த ஸ்டிக் மற்றொன்றைப் பிடிக்காது. மலிவான ஸ்டிக்குகளில் அதிகம் காணப்படும் ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப் டிவிபி-டியை மட்டும்தான் பிடிக்கும். டி2 வேண்டும் என்றால் கூடுதலாக இன்னொரு சிப் வேண்டும். எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது.

படி 2: சிடியைப் பிரதி எடுங்கள்

சிடியை முழுதாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் எண் பெரும்பாலும் சிடியின் உறையில் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். இது மிக முக்கியம். வன்பொருளோடு சேர்த்துத் தரும் இத்தகைய ஓஇஎம் பதிப்புகளை அசல் நிறுவனம் தன் தளத்தில் தருவதில்லை. டியூனர் கம்பெனியும் சில வருடங்களில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம்.

சிடியைத் திறந்து பார்த்தால் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று டியூனரை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர், இன்னொன்று டிவி பார்க்கும் மென்பொருள். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டியூனர் வேலை செய்ய டிரைவர் கட்டாயம் வேண்டும். மென்பொருள் பிடிக்காவிட்டால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: அசல் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மென்பொருள் ஃபோல்டரில் உள்ள செட்டப் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். டீடெயில்ஸ் தாவலில் பொருளின் பெயர், காப்புரிமை, அசல் கோப்புப் பெயர் என்று சில வரிகள் இருக்கும். வெளியே லோகோவை மாற்றியவர்கள் இந்த வரிகளை மாற்ற மறந்திருப்பார்கள், அல்லது உரிம ஒப்பந்தப்படி மாற்ற முடியாமல் இருந்திருக்கும். பக்கத்திலேயே டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் தாவல் இருந்தால் அதையும் பாருங்கள். கோப்பில் கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும்.

செட்டப் கோப்பில் இன்ஸ்டால்ஷீல்டு போன்ற நிறுவும் கருவியின் பெயர் மட்டும் தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது மென்பொருளின் பெயர் அல்ல. அப்படி என்றால் நிறுவிய பிறகு பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய், மென்பொருள் ஃபோல்டரில் உள்ள டிஎல்எல் என்ற துணைக் கோப்புகள் சிலவற்றை இதே போலச் சோதியுங்கள். முதன்மைக் கோப்பின் பெயரை மாற்றியிருந்தாலும், டிகோடர் கோப்புகளில் அசல் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஹெல்ப் மெனுவில் உள்ள அபவுட் பெட்டியின் கடைசி வரிகளையும் பொடி எழுத்து என்று விடாமல் படியுங்கள்.

விண்டோஸின் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் பட்டியலும் அசல் பெயரைக் காட்டிக்கொடுக்கும். பவர்சினிமா வகை மென்பொருள் உள்ள கணினியில் பின்னணி கேப்சர் சர்வீஸ், டாஸ்க் ஷெட்யூலர் என்று இரண்டு, சைபர்லிங்க் பெயரோடு ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் வேறு பெயர் தெரிந்தாலும் பின்னால் அசல் பெயர்தான்.

கிடைத்த பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண் இல்லாமல் தேடினால் வேறு காலத்துக்கான வழிமுறைகள் வந்து குழப்பும்.

படி 4: முதலில் டிரைவர்

ஸ்டிக்கைச் செருகுவதா, டிரைவரை நிறுவுவதா, எது முதலில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வரிசையையே பின்பற்றுங்கள். கையேடு இல்லையென்றால் ஸ்டிக்கைச் செருகிவிட்டு டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு சாதனம் தெரிந்தால், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே விஐடி, பிஐடி என்று இரண்டு குறியீடுகள் இருக்கும். முதலாவது நிறுவனத்தைச் சொல்லும், இரண்டாவது மாடலை. விஐடி 2040 என்றால் ஹாப்பாஜ், 07சிஏ என்றால் ஏவர்மீடியா. 0பிடிஏ என்றால் ரியல்டெக், 048டி என்றால் ஐடிஇ. இந்த இரண்டும் சிப் தயாரிப்பாளர்கள். பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி, விஐடி சிப் கம்பெனியுடையதாக இருந்தால் அந்தச் சிப்பின் பொதுவான டிரைவரே பெரும்பாலும் போதும். உள்ளே பொருத்தும் பிசிஐ கார்டாக இருந்தால் வென் என்று தொடங்கும்: 14எஃப்1 கோனெக்சன்ட், 1131 பிலிப்ஸ் அல்லது என்எக்ஸ்பி, 109இ புரூக்ட்ரீ.

டிரைவரில் 32 பிட், 64 பிட் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 64 பிட் விண்டோஸில், விஸ்டா காலத்திலிருந்தே, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. எக்ஸ்பி காலச் சிடியோடு வந்த டியூனர் பலருக்குப் புதுக் கணினியில் நின்றுபோவது இங்கேதான். கையொப்பச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். ஒரு டியூனருக்காக முழுக் கணினியின் பாதுகாப்பையும் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ரியல்டெக் ஸ்டிக்கை யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2012இலிருந்து இந்த ஸ்டிக்குகளை, மென்பொருளின் உதவியால் பல அலைவரிசைகளைக் கேட்கும் ரேடியோவாகவும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஸாடிக் என்ற கருவியால் டிரைவரை மாற்ற வேண்டும். மாற்றிய கணினியில் அது டிவி டியூனராகத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை நீக்கிவிட்டு டிவி டிரைவரை மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

எல்லாம் சரியாக நடந்தால், ஒலி, வீடியோ சாதனங்கள் உள்ள பிரிவில் டியூனர் பெயர் ஆச்சரியக்குறி இல்லாமல் தெரியும். பெயரில் பிடிஏ என்ற எழுத்துகள் இருந்தால் நல்லது. அது டியூனர் டிரைவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வகுத்த பொது அமைப்பு. பிடிஏ டிரைவர் இருந்தால் சிடியில் வந்த மென்பொருளை விட்டு வேறு மென்பொருளுக்குப் போவது எளிது.

படி 5: மென்பொருளை நிறுவிச் சேனல் தேடுங்கள்

நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடவே வரும் டிவிடி எழுதும் கருவி, டூல்பார் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் முறை திறக்கும்போது நாட்டைக் கேட்கும். அலைவரிசைப் பட்டியலும், ஒரு சேனலின் அகலம் 6, 7, 8 மெகாஹெர்ட்ஸில் எது என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகும். தவறான நாட்டைக் கொடுத்தால் சிக்னல் நன்றாக இருந்தும் ஒரு சேனலும் வராது.

தேடுவதற்கு முன் ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் வையுங்கள். மென்பொருள் சிக்னலின் வலிமை, தரம் என்று இரண்டு அளவுகளைக் காட்டினால் தரத்தைப் பாருங்கள். வலிமை அதிகமாக இருந்து தரம் குறைவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். கட்டணச் சேனல்கள் பட்டியலில் தெரிந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும். அவை குறியீடாக்கப்பட்டவை, அதற்குரிய கார்டும் அதைப் படிக்கும் வசதியும் இல்லாமல் திறக்காது.

படி 6: ஒலி இல்லை, படம் இல்லை என்றால்

படம் வருகிறது, ஒலி இல்லை. அல்லது ஒலி மட்டும் வருகிறது. புதியவர்கள் உடனே டியூனர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மென்பொருளில் உள்ள டிகோடரில்தான். எம்பெக்-2 காலத்தில் உரிமம் வாங்கிய பதிப்பில், அதற்குப் பின் வந்த வீடியோ முறையான எச்.264க்கு டிகோடர் இல்லாமல் இருக்கலாம். அப்போது எச்.264இல் வரும் எச்டி சேனலில் ஒலி மட்டும் வரும். ஒளிபரப்பு ஏஏசி ஒலியைப் பயன்படுத்தி, மென்பொருளில் அது இல்லையென்றால் படம் மட்டும் வரும். ஜெர்மனியில் 2017இல் வந்த டிவிபி-டி2 எச்டி ஒளிபரப்பு இன்னும் புதிய எச்.265 முறையில் நடக்கிறது. டி2 ஸ்டிக் இருந்தாலும் பழைய மென்பொருளால் அதைக் காட்ட முடியாது.

ஓஇஎம் பதிப்பில் செலவைக் குறைக்க டால்பி போன்ற சிலவற்றை எடுத்துவிட்டுத் தருவதும் உண்டு. சைபர்லிங்கோ ஆர்க்சாஃப்டோ வெளியிட்ட பொதுவான அப்டேட்டை இதன் மேல் போட முயலாதீர்கள். சீரியலை ஏற்காது, அல்லது உள்ளதையும் கெடுத்துவிடும். அப்டேட் டியூனர் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். அசல் பெயர் உங்களுக்குத் தீர்வு தேட மட்டும்தான் பயன்படும்.

படி 7: பதிவு செய்யும் இடம்

சாதாரண எஸ்டி சேனல் நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.25 ஜிபி ஆகும். பதிவை எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் வைத்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, நீளமான பதிவு நடுவில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைக் கொடுங்கள். கோப்பு வகையில் டிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒளிபரப்பு அப்படியே சேமிக்கப்படும். தரம் குறையாது, பின்னால் பல பிளேயர்களில் திறக்கலாம்.

படி 8: வேறு மென்பொருளுக்கு மாறுவது

சிடியில் வந்த மென்பொருள் உங்கள் விண்டோஸில் ஓடவில்லை, அல்லது பிடிக்கவில்லை என்றால் டிரைவரை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் நீக்குங்கள். விண்டோஸோடு வந்த டிவி மென்பொருளான மீடியா சென்டர், 2015இல் வந்த விண்டோஸ் 10இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் நெக்ஸ்ட்பிவிஆர், மீடியாபோர்ட்டல் போன்றவற்றைப் பாருங்கள். டிரைவர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் சோதிக்க விஎல்சி போதும். மீடியா மெனுவில் கேப்சர் டிவைஸ் என்பதைத் திறந்து, டிவி டிஜிட்டலைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசையைக் கிலோஹெர்ட்ஸில் கொடுங்கள். லினக்ஸ் என்றால் டியூனரிலிருந்து சேனலை எடுத்துத் தரும் டிவிஹெட்எண்டை நிறுவி, கோடி என்ற பிளேயர் மென்பொருளில் பார்க்கலாம். விண்டோஸ் டிரைவர் கிடைக்காத பல பழைய டியூனர்கள் லினக்ஸில் டிரைவர் தேடாமலே வேலை செய்கின்றன.

எதிர்த் திசையில் போவது மட்டும் நடக்காது. ஒரு கம்பெனியின் டியூனரோடு வந்த மென்பொருளை இன்னொரு கம்பெனியின் டியூனருக்கு நிறுவினால், அது பெரும்பாலும் சாதனத்தைத் தேடிவிட்டுத் திறக்க மறுக்கும். டெக்னிசாட்டோடு வந்த டிவிபிவியூவர் டிஇ அந்தக் கம்பெனியின் கார்டுகளோடு மட்டும்தான் இயங்கும். எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் டிவிபிவியூவர் புரோவைத் தனியாக வாங்க வேண்டும்.

புது மென்பொருள் டியூனர் வேறெங்கோ பயன்பாட்டில் உள்ளது என்று சொன்னால், பழைய மென்பொருளின் பதிவு ஷெட்யூலர் பின்னணியில் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். டியூனரை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவலிலும் சர்வீஸ் பட்டியலிலும், பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு, படி 3இல் குறித்துவைத்த அசல் பெயரைத் தேடி நிறுத்துங்கள். அப்புறம் கணினியை மறுபடி தொடங்கி, சேனல் தேடலைப் புதிதாகச் செய்யுங்கள். பழைய மென்பொருளின் சேனல் பட்டியலைப் புதியது படிக்காது.