ஃப்ளூ பேப்பர்ல "இந்த என்சைம்தான் காரணம்"னு போட்டிருந்தா எதை எதை செக் பண்ணணும்

ப்ராஜெக்டுக்கோ ஜர்னல் க்ளப்புக்கோ "இந்த ஹோஸ்ட் என்சைமை (வைரஸ் புகுந்த செல்லோட சொந்த என்சைமை) எடுத்துட்டா ஃப்ளூ வைரஸ் குறையுது"ங்கற மாதிரி பேப்பர் கையில வந்தா அப்ஸ்ட்ராக்டை நம்பி ஸ்லைடு போட ஆரம்பிச்சிடாதீங்க. நேரா மெத்தட்ஸுக்கு போய் ட்ரிப்சின்னு தேடுங்க, புரோட்டீனை வெட்டற என்சைம் அது.

ஏன்னா வைரஸ் மேல இருக்கற ஹீமாக்ளூட்டினின்ங்கற புரோட்டீனை செல் ஒரே துண்டாதான் தயாரிக்கும், அதை எச்ஏ1, எச்ஏ2னு ரெண்டா வெட்டினாதான் அடுத்த செல்லுக்குள்ள போனதும் எண்டோசோம்ங்கற பையோட சவ்வோட கலக்க முடியும், ஆனா வெட்டறதுக்கு வைரஸ்கிட்ட சொந்தமா ஒண்ணும் கிடையாது. நம்ம மூச்சுக்குழாய்ல டிஎம்பிஆர்எஸ்எஸ்2ங்கற ப்ரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டற என்சைம்) அந்த வேலையை பாக்குது. லேப்ல எல்லாரும் வச்சிருக்கற எம்டிசிகே, அதாவது 1958ல எடுத்த நாய் கிட்னி செல், அதுல இந்த மாதிரி ப்ரோட்டியேஸ் போதாது, அதனால டிபிசிகேங்கற கெமிக்கலால பதப்படுத்தின ட்ரிப்சினை மில்லிக்கு 1 மைக்ரோகிராம் வாக்குல மீடியால கலப்பாங்க. இப்படி வெளிய இருந்து ஊத்திட்டு "செல்லோட ப்ரோட்டியேஸை நாக்அவுட் பண்ணோம் (அதோட ஜீனையே செயலிழக்க வச்சோம்), வைரஸ் குறையவே இல்ல"ன்னா அதுல என்ன இருக்கு, ட்ரிப்சின்தான் வெட்டிட்டு இருக்கே! அதே மாதிரி மீடியால சீரம் விட்டிருந்தா அது ட்ரிப்சினை அடக்கிடும், அதையும் பாருங்க.

அடுத்தது டைம் பாயிண்ட், இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. முதல்ல செல்லுல போடற வைரஸ் ஏற்கனவே வெட்டினது, அதனால முதல் சுத்துல, ஒரு 8 மணி நேரத்துக்குள்ள, ப்ரோட்டியேஸ் இருந்தாலும் இல்லாட்டியும் நியூக்ளியோப்ரோட்டீன்ங்கற வைரஸ் புரோட்டீன் ஒரே அளவு வரணும், வித்தியாசம் 24, 48 மணி நேரத்துலதான் தெரியணும். 8 மணி நேரத்துலயே குறைஞ்சிருந்தா விஷயம் வெட்டறதுல இல்ல, உள்ள நுழையறதுலயோ வைரஸ் ஜீனை நகல் எடுக்கற பாலிமரேஸ்லயோ, வைரஸை எதிர்க்க செல் விடற சிக்னலான இன்டர்ஃபெரான்லயோ தேடுங்க, இல்ல செல்லே செத்துட்டு இருக்கலாம்.

ஸ்ட்ரெயின் எதுன்னு பாருங்க. டபிள்யூஎஸ்என்ங்கற லேப் ஸ்ட்ரெயின், தன் மேல இருக்கற நியூராமினிடேஸ்ங்கற புரோட்டீனால சீரத்துல இருக்கற பிளாஸ்மினோஜனை இழுத்துக்கும், அது வெட்டற என்சைமா மாறும், அதனால ட்ரிப்சின் இல்லாமலே வளரும். கோழிகளை கொல்ற எச்5என்1ல வெட்டற இடத்துல ஆர்ஜினின், லைசின்ங்கற அமினோ ஆசிட்கள் வரிசையா நிக்கும், அதை எல்லா செல்லுலயும் இருக்கற ஃப்யூரின்ங்கற ப்ரோட்டியேஸே வெட்டிடும். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாத எலி எச்1என்1லயும் எச்7என்9லயும் தப்பிச்சுது, எச்3என்2ல அந்த அளவுக்கு பாதுகாப்பு இல்ல. ஒரு ஸ்ட்ரெயின்ல பார்த்துட்டு "இன்ஃப்ளுயன்சா"ன்னு பொதுவா தலைப்பு வச்சா எனக்கு கடுப்பாகும்.

இம்யூனிட்டி பத்தின பேப்பர்னா எலி எந்த வகைன்னு கேளுங்க. 1957ல ஐசக்ஸோட சேர்ந்து இன்டர்ஃபெரானை கண்டுபிடிச்ச லிண்டன்மான், 1962ல ஏ2ஜி வகை எலிங்க ஃப்ளூவை தாங்குதுன்னு காட்டினார், அதுக்கு காரணம் எம்எக்ஸ்1ங்கற ஜிடிபியேஸ் (ஜிடிபியை உடைக்கற என்சைம்)னு பின்னாடி தெரிஞ்சுது. ஆனா லேப்ல அதிகமா வச்சிருக்கற பால்ப்-சி, சி57 பிளாக் 6 எலி வகை ரெண்டுலயும் அந்த ஜீன் உடைஞ்சு கிடக்கு, அதுல வந்த ரிசல்ட்டை அப்படியே மனுஷனுக்கு நீட்டாதீங்க.

கடைசியா ரெஸ்க்யூ. நாக்அவுட் செல்லுல அந்த ஜீனை திரும்ப போட்டா வைரஸ் பழைய அளவுக்கு வருதா, ஆக்டிவ் சைட்டை (என்சைம் வேலை நடக்கற இடத்தை) கெடுத்த மியூட்டன்ட்டை போட்டா வராம இருக்கா, ரெண்டும் இருக்கணும். முதலாவது மட்டும் இருந்தா அந்த புரோட்டீன் தேவைன்னு சொல்லலாம், என்சைம் வேலைதான் காரணம்னு சொல்ல முடியாது.